சிறப்பு நிலுவைப் பிரிவு, தபால் பெட்டி எண் 88

இந்த வாக்குமூலத்தை நானே டைப் அடித்துத் தந்துவிடுகிறேன். உங்கள் எழுத்தர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விரலால் தேடித் தேடி அவர் என் வயதை அடித்து முடிப்பதற்குள் நீங்கள் வரவழைத்த டீ ஆறிப்போய்விட்டது. நான் முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் அடித்தவள். பிழை இருக்காது, ஓரம் கோணாது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் அங்கே கிடையாது. அதை இன்றைக்கு முயன்று பார்க்கிறேன்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். என் கணவருக்கு வரவேண்டிய வருமான வரி ரீஃபண்ட் என்ன ஆயிற்று, அவருடைய கண் என்ன ஆயிற்று. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது, இரண்டு வருடம் ஏழு மாதமாக. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் உயரமான கட்டடங்களின் நடுவில், இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தார். அங்கே பேச்சுத் துணைக்கு யாருமில்லை, அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "சாவி எங்க", "தண்ணி சுட்டிருச்சா", "மழை வரும்போல". ஒரு நாளைக்கு இந்த மூன்றும் போதும் இவருக்கு. கோபக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை, சாப்பாட்டில் ஒரு நாள் குறை சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் மகள் பேசக் கற்றுக்கொண்டதே அடுத்த வீட்டில்தான்.

ஓய்வு பெறும் வருடத்தில் கம்பெனிக்காரர்கள் கவனிக்காமல் இவருடைய சம்பளத்தில் வரியை அதிகமாகப் பிடித்துவிட்டார்கள். திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பம் போட்டோம். பதினாறு வாரத்துக்குள் முடிவு தெரிவிக்கப்படும் என்று உங்கள் வரி அலுவலகத்திலிருந்து ஒரு ரசீது வந்தது. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து இவருக்கு வாய் திறந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்குத் தபால்காரர் வருவார். மூன்றே முக்காலுக்கே இவர் கேட்டில் போய் நிற்பார். ஒன்றும் வராது. நேராகச் சமையலறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்று எனக்கு விளக்குவார். "எங்கயோ ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. மோட்டார் ஓடுது, கதவுதான் திறக்கல. எந்த மாடின்னு தெரிஞ்சா கையாலயே இறக்கிடலாம்." ஒரு நோட்டு வாங்கி உங்கள் அலுவலகத்தைக் குறுக்குவெட்டாக வரைய ஆரம்பித்தார். விண்ணப்பம் எங்கே ஏறும், எந்த அறையில் இறங்கும் என்று அம்புக்குறி வேறு. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அப்புறம் பணம் வந்தால் என்ன செய்வது என்று தொடங்குவார். ஒரு நாள் கப்பலில் போகலாம் என்பார். மறுநாள் கப்பல் வேண்டாம், மெத்தையை மாற்றலாம் என்பார். ஒரு சாயங்காலம், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். கல்யாணமான முப்பத்து மூன்று வருடத்தில் இவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் மறக்காமல் கேட்டார்.

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, இவர் குளித்துக்கொண்டிருந்தபோது இவருடைய போனில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. ரீஃபண்ட் கணக்கில் ஏறிவிட்டது. சொன்ன நாளைக்கு ஐந்து வாரம் முன்னாடியே. உங்கள் அலுவலகத்தின் சுறுசுறுப்பைப் பற்றி வெளியே யாரும் நல்லதாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். மேஜைமேல் நோட்டு விரித்துக் கிடந்தது, நாலாவது மாடி பாதி வரைந்தபடி இருந்தது. செய்தியை அழித்தேன். இவர் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து, "நாலாவது மாடில ரெக்கார்ட் ரூம் இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

ஒரு வாரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் எழுத்தர், "பணத்த எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. அது எங்கள் இரண்டு பேர் பெயரிலும் உள்ள கணக்கு. வங்கி வேலை எப்போதும் என் பொறுப்பு, இவர் அந்தப் படி ஏறியதே கிடையாது. அந்த ரீஃபண்டில் ஒரு காசு நான் தொடவில்லை. பணத்துக்கு ஆசைப்படுகிற குடும்பம் இல்லை நாங்கள்.

பதினாறு வாரமும் முடிந்தது. இவருக்குச் சுருதி இறங்கிவிட்டது. தபால்காரர் தாண்டிப் போனதும் சமையலறைப் பக்கம் வராமல் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்றாவது நாள், "சாவி எங்க" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து முதல் கடிதத்தை அடித்தேன். "மேற்படி பொருள் குறித்த தங்களது விண்ணப்பம் சிறப்பு நிலுவைப் பிரிவின் கூர்ந்த பரிசீலனையில் உள்ளது என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." தலைப்பை உங்கள் ரசீதிலிருந்து எடுத்துக்கொண்டேன், பிரிவு மட்டும் என் சொந்தக் கற்பனை. முத்திரை செய்கிற கடைக்காரர் என்ன ஏது என்று கேட்கவில்லை, அவசரமா என்று மட்டும் கேட்டார். பதில் போட ஒரு முகவரி வேண்டுமே என்று தபால் நிலையத்தில் எண்பத்தெட்டாம் நம்பர் பெட்டியை வாடகைக்கு எடுத்தேன். தாள் கொஞ்சம் விலை கூடினதாக வாங்கினேன்.

கடிதத்தைப் பிரித்தபோது இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா, அசைஞ்சிருச்சு" என்றார். தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தடவினார். "நல்ல கனமான தாள். இவ்வளவு கனத்துல வந்தா மேல்மாடியிலேர்ந்துதான் வந்திருக்கும்." அன்றைக்கு ஏழு மணிவரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த கடிதத்தில் கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நகல் கேட்டேன். வரிக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்கவில்லை. அரசாங்கக் கடிதத்தில் சம்பந்தம் தேடுகிற அளவுக்கு இவர் விவரமில்லாதவர் அல்ல. மூன்று நாள் இரண்டு பேருமாகப் பரணில் ஏறித் தேடினோம். சான்றிதழோடு கல்யாணப் புகைப்படமும் கிடைத்தது. அதில் இவர் மாலையோடு கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறார். தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தோம். ஒரு பிரிவு பொதுமக்களுக்கு இதைவிட என்ன சேவை செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாதத்தின் முதல் திங்கள்கிழமை இவர் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போவார். நாலாம் ஜன்னலில் இருக்கிறவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பணம் போயாச்சே" என்றிருக்கிறார். அன்றோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இவர் கடிதத்தை நீட்டினார். நாலாம் ஜன்னல் அதை இரண்டு தடவை படித்து, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாராம்: "இது மேலிடத்து லெட்டர் சார். எங்க திரை சும்மா காட்டுது போல." கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, குறிப்பு எண்ணோடும் முத்திரையோடும் ஒரு தாள் வேறொன்று சொன்னால் உங்கள் ஆட்கள் தாளைத்தான் நம்புவார்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று பக்கத்து மேஜையில் கேட்டால், இது கூடவா தெரியாது என்று சிரிப்பார்களே என்கிற பயம் எல்லோருக்கும் உண்டு.

நாலாம் ஜன்னல் பெட்டி எண்பத்தெட்டுக்கு எழுதினார். தங்கள் பிரிவின் நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தவும் என்று பணிவாகக் கேட்டிருந்தார். திரையில் காண்பது தொகையின் நிலை அன்று, கோப்பின் நிலை மட்டுமே என்று நான்காம் நாளே பதில் அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் சிக்கலான விண்ணப்பம் எது வந்தாலும் என் கருத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இரண்டாம் ஜன்னலும், ஏழாம் ஜன்னலும். பதில் போடாமல் விட்டால் சந்தேகம் வரும், என்ன செய்வது. "மறு உத்தரவு வரும்வரை நிலுவையில் வைக்கவும்" என்று எல்லோருக்கும் போட்டேன். அப்படிப் பணம் வராமல் காத்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு எண்ணிக்கை தெரியும். ஒரு பேக்கரிக்காரர் மட்டும் ஆறு தடவை நேராகப் பெட்டிக்கே எழுதினார். அடுப்பு வாங்கவேண்டுமாம். அழகான கையெழுத்து.

அந்த வருடக் கடைசியில் இவர் ஒரு கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல எழுத்து அழிஞ்சிருக்கு பாரு" என்றார். அழியவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வருகிறது என்றார் டாக்டர். "போன பார்வை திரும்பாதுங்க. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்." செலவு எவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரீஃபண்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் டாக்டர். வந்ததும் ஓடி வந்துடறேன்." கையில் சேமிப்பு இல்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, "அது இவளுக்கு. நான் போனப்புறம் இவ யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது" என்றார். இவர் என்னைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த கடிதங்களில் எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் ஓரத்தை அகலமாக விட்டு அடித்தேன். சொட்டு மருந்து ஒரு வேளை தவறவிட்டதில்லை, கடிகாரம் வைத்துப் போட்டேன். வெளியூரிலிருந்து மகள் போன் பண்ணி, ஆபரேஷனுக்குத் தான் பணம் அனுப்புவதாகச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், எனக்கு அவரைத் தெரியாதா. இவர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

பணத்தை விடுவிக்க உங்களுக்கு ஒரு தடவை கூட மனசு வரவில்லையா என்று கேட்டீர்கள். வந்தது. டாக்டர் சொன்ன கெடுவில் ஐந்தாவது மாதம், "தங்களது தொகை இத்துடன் விடுவிக்கப்படுகிறது" என்று அடித்து, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டினேன். நீங்கள் கைப்பற்றிய பொருட்களில் பதினான்காம் எண் அதுதான். பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது இவர் ஸ்டூலில் இருந்தபடி சிரித்தார். "ஒண்ணு யோசிச்சியா? பணம் வந்துட்டா அப்புறம் நாம என்னத்தப் பேசிக்கிறது?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டேன். நீங்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்பீர்கள். நான் அதை இவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன். எழுத்தில் இல்லை, வாய்மொழியாகத்தான். ஆறு மாதக் கெடு என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் சொல்வதுதானே.

ஆறு மாதம் முடிந்து இன்னும் கொஞ்ச நாளில் எழுத்து இவருக்குப் பிடிபடாமல் போயிற்று. நேர் எதிரில் உட்கார்ந்தால் என் முகம் மட்டும் தெரியும் என்றார். அதனால் நேர் எதிரிலேயே உட்கார்ந்து கடிதங்களைப் படித்துக் காட்டினேன். நாங்கள் அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததே கிடையாது. அப்புறம் இடது கண் முழுசாகப் போயிற்று. இப்போது வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார். ஆனாலும் நாலு மணிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு, பதினோரு அடி எண்ணி, கேட்டுக்குப் போய்விடுவார். தபால்காரர் உறையை இவர் கையில் கொடுப்பார். இவர் தாளைத் தடவிப் பார்த்து, "கனமா இருக்கு, நல்ல சேதிதான்" என்று என்னிடம் நீட்டுவார்.

கடைசி ஏழு மாதமாக அந்தத் தாள்களில் ஒன்றும் அடிக்கவில்லை. வெறும் தாளை மடித்து உறையில் போட்டு அனுப்பினேன். மை எதற்கு வீண். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இவர் முகத்தைப் பார்த்து, என்ன வருகிறதோ அதைப் படிப்பேன். சொல்லக் கூடாது, நான் அடித்த கடிதங்களைவிட அவை நன்றாகவே இருந்தன. போன மாதம் ஒன்றில், ஆணையர் இவருடைய பொறுமையைக் குறிப்பாகப் பாராட்டியிருந்தார். இவர் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். ஒரு வார்த்தை மாறாமல் படித்தேன், எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

நாலாம் ஜன்னலுக்கு இவரை அப்போதெல்லாம் நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போவேன். அவர் இவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். "அந்தப் பிரிவு மாதிரி எல்லாப் பிரிவும் இருந்தா இந்த ஆபீஸ் எங்கயோ போயிருக்கும்மா. கேட்டா அஞ்சே நாள்ல பதில்" என்று என்னிடமே சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பாராட்டுதான் என்னை மாட்டிவிட்டது. பதில் போடாத கடிதம் ஒன்றுகூட இல்லாத பிரிவுக்கு இந்த வருடம் கேடயம் என்று அறிவித்தீர்கள். கணக்கெடுத்துப் பார்த்ததில் சிறப்பு நிலுவைப் பிரிவு முதலிடம். கேடயத்தை வாங்கிக்கொள்ள ஆளைத் தேடினால் எந்த மாடியிலும் காணோம். கையில் கேடயத்தோடு நீங்கள் தபால் நிலையத்தில் வந்து நின்றது கைது செய்ய அல்ல, கொடுக்கத்தான். பெட்டியைத் திறந்த என்னைப் பார்த்து, "அந்தப் பிரிவாம்மா நீங்க?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். வந்த பணத்தை வரவில்லை என்று சொன்னது நான். கடிதங்கள் என்னுடையவை, முத்திரை என்னுடையது, நாற்பத்தொரு பேரைக் காக்கவைத்ததும் நான். இவர் கண் போகும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்ததும் நான்தான். பேக்கரிக்காரருக்கு முதலில் அனுப்பிவிடுங்கள், பாவம்.

நடந்தது எல்லாவற்றையும் விவரமாக எழுதி இவருக்கு ஒரு கடிதம் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். செய்யவேண்டியதுதான், இவருக்குத் தெரிய உரிமை இருக்கிறது. படித்துக் காட்ட உங்கள் அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்புவதாகவும் சொன்னீர்கள், அதுதான் வேண்டாம். புதுக் குரல் என்றால் இவருக்குக் கூச்சம், பாதிக்குமேல் காதில் வாங்க மாட்டார். மகளுக்கும் வேலை இருக்கிறது. என்னை இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று உங்கள் எழுத்தர் சொன்னார், அதனால் சிரமமில்லை. நாளைக்கு நாலு மணிக்குத் தபாலில் வரும்படி அனுப்புங்கள், இவர் கேட்டில் இருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் கனமான தாளாகப் பார்த்து அனுப்புங்கள், போதும். மற்றதை நான் படித்துக்கொள்கிறேன்.